கோலை இழந்தவனும் கோபித்துக்கொண்ட வாசகர்களும்

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதமொருமுறை நாலைந்து பேர் கூடி, படித்த நூல்களைப் பற்றிக் கதைப்பது வழக்கம். சென்ற சந்திப்பில் நண்பரொருவர் உர்சுலா கே. லெ குவினின் ‘டெஹானு’ நாவலை மேசையில் வைத்தார் என்று சொல்வதைவிட எறிந்தார் என்று சொல்வதே பொருந்தும். நண்பர் ஓய்வுபெற்ற அதிபர். ஆழ்ந்த வாசகர். என்னை ஆங்கில நாவல்களின் பக்கம் இழுத்துவிட்டவரும் அவர்தான்.

“மூணு புத்தகத்தில கட்டி எழுப்பின ஆள நாலாவதில ஆட்டுக்காரனாக்கிப் போட்டாவே இந்த மனிசி! ராசாட ஆக்கள் வாறாங்க எண்டதும் ஓடி ஒளியிறான். இவனெல்லாம் ஒரு கதாநாயகனா?”

“பேரே கெட் தானே சேர்” என்றார் பக்கத்திலிருந்தவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது.

நண்பரின் கோபம் அவருடைய தனிக் கோபமாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ‘டெஹானு’ வெளிவந்த 1990 முதல் இதே குற்றச்சாட்டு உலகெங்கும் ஆங்கில வாசகர்களிடையே உலவி வருகிறது. நாயகனை ஆசிரியை கொன்றுவிட்டார், ஆண்மை நீக்கிவிட்டார், பெண்ணிய அரசியலுக்குப் பலி கொடுத்துவிட்டார், சாகசத்தை எதிர்பார்த்து வந்த எங்களைப் பாத்திரம் கழுவும் வீட்டுக்குள் அடைத்துவிட்டார் என்றெல்லாம் ஆத்திரப்பட்டவர்கள் பலர். சிறுவர்களுக்கான வரிசையில் இவ்வளவு இருட்டா என்று முகம் சுளித்தோரும் உண்டு. இத்தனைக்கும் அவ்வாண்டின் சிறந்த நாவலுக்கான நெபியூலா விருதைப் பெற்ற படைப்பு அது. விருது கிடைத்ததனால் ஒரு நாவல் நல்லதாகிவிடாது என்பது வேறு விடயம்.

வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை சொல்லியாக வேண்டும். எர்த்சீ என்பது நூற்றுக்கணக்கான தீவுகளாலான கற்பனை உலகம். அங்கே ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவன் அதை ஆள்வான். 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் வெளியான முதல் மூன்று நாவல்களிலும் வருகின்ற மந்திரவாதி கெட். மூன்றாவதில் அவன் அவ்வுலகின் தலைமை மந்திரவாதி. உலகத்தின் உயிர்ப்பெல்லாம் வடிந்து போகும்படி எவனோ திறந்துவிட்ட கதவொன்றை, இறந்தோர் நாட்டுக்கே நடந்து போய், தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு மூடுகிறான். மூடியதும் வெறும் மனிதனாகிறான். கலெஸ்ஸின் என்ற முதுபெரும் டிராகன் அவனைத் தன் முதுகில் சுமந்து பிறந்த தீவான கொன்டுக்குக் கொண்டுவந்து விடுகிறது. பதினெட்டு வருட இடைவெளிக்குப் பிறகு வந்த ‘டெஹானு’ இந்த இடத்தில்தான் அவனைச் சந்திக்கிறது. நோயாளியாகப் படுத்திருக்கிறான். முடிசூட்டு விழாவுக்கு அழைத்துப்போக இளம் அரசன் லெபன்னென் அனுப்பிய தூதர் வருகிறார்கள் என்று கேட்டதும் கலங்கிப்போகிறான். ஒளிகிறான். மலைக்கு ஏறி ஆடு மேய்க்கப் போய்விடுகிறான்.

நண்பர் சொன்னதில் தகவல் பிழை ஏதுமில்லை. ஓடியது உண்மைதான். ஆனால் கெட் எப்போது ஓடாமலிருந்தான் என்பதுதான் என் கேள்வி.

முதல் நாவலைத் திரும்பவும் புரட்டிப் பாருங்கள். பதிப்பாளர் ஹேர்மன் ஷைன் பதின்ம வயதினருக்காக ஒரு நாவல் எழுதித் தரும்படி கேட்டபோது, வெண்தாடி மந்திரவாதிகள் இளம் வயதில் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்ததில் பிறந்தவன் கெட் என்று லெ குவின் சொல்லியிருக்கிறார். ஆகவே அவன் தொடக்கத்திலிருந்தே அறியாத்தனத்தின் பிள்ளை. தாயை ஒரு வயதுக்கு முன்பே இழந்தவன், வெண்கலக் கொல்லனின் மகன், ஆட்டுக்காரப் பையன். ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போனவன், சகமாணவன் ஜஸ்பரின் ஏளனத்தைப் பொறுக்க முடியாமல், வீம்புக்காக மாண்டவள் ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். உலகத்தில் ஏற்பட்ட கிழிசல் வழியாகப் பெயரற்ற நிழலொன்று உள்ளே பாய்கிறது. அதை அடைக்கப் போன முதுபெரும் தலைவர் நெம்மர்ள் உயிரிழக்கிறார். பதினைந்து வயதுப் பையனின் தலைக்கனத்துக்கு விலை ஒரு பெரியவரின் உயிர். எந்த வாசகராவது இதற்காக இந்த நாவலை மேசையில் எறிந்தாரா?

பிறகு வருவதெல்லாம் ஓட்டம். அந்த நிழலுக்குப் பயந்துதான் அவன் சிறு தீவொன்றில் பணி ஏற்கிறான். அங்கும் அது நெருங்குகிறது. ஆனால் பக்கத்துப் பென்டோர்த் தீவின் டிராகன்களிடமிருந்து மக்களைக் காப்பது அவன் கடமை. அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. என்ன செய்கிறான்? தனியாகப் படகேறி, தானே போய் டிராகன்களோடு கணக்குத் தீர்க்கிறான். முதல் நாவலில் வாசகர்கள் உச்சி முகரும் காட்சி இது. கிழட்டு டிராகன் யெவோடின் பெயரைச் சொல்லிக் கட்டிப்போடும் இடத்தில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்ததுண்டு. ஆனால் அவன் அங்கு போனதே, மனச்சாட்சி உறுத்தாமல் ஊரைவிட்டு ஓடுவதற்கு வழிசெய்துகொள்ளத்தான்! அந்த நாவலின் மிகப் பெரிய வீரச்செயல், ஓடிப்போவதற்கான முன்னேற்பாடு. நிழலின் பெயரைச் சொல்லித் தருகிறேன் என்று டிராகன் ஆசை காட்டும்போது அவன் மறுப்பது மெய்யான பெருந்தன்மை. அதை நான் குறைக்கவில்லை. ஆனால் அடுத்த காட்சியிலேயே மறுபடி ஓடுகிறான். வடக்கே ஒஸ்கில் வரை ஓடி, அங்கும் அகப்பட்டு, கடைசியில் பருந்துருவெடுத்துப் பறந்து குருநாதர் ஒகியோனின் கையில் வந்து விழுகிறான். மனித உருவையே மறந்துபோகும் அளவுக்கு ஓட்டம். திரும்பி நின்று துரத்துகிறதைத் துரத்து என்று ஒகியோன் சொன்ன பிறகுதான் கதை திசை மாறுகிறது.

அந்த ஓட்டத்தை நாம் மன்னித்தோம். மன்னித்தது மட்டுமல்ல, இரசித்தோம். ஏன்? ஓடினாலும் கையில் கோல் இருந்தது. காற்றைக் கூப்பிட்டால் வந்தது. பருந்தாகப் பறந்து ஓடுவது கண்ணுக்கு அழகு. ஆட்டுக்குப் பின்னால் நடந்து ஓடுவது அழகில்லை. வாசகர்களின் கோபம் ஓட்டத்தின் மீதல்ல, வெறுங்கையின் மீது என்பதே என் குற்றச்சாட்டு. அவர்கள் நேசித்தது மனிதனையல்ல, அவன் பிடித்திருந்த கோலை.

‘ஆசிரியை பின்னாளில் மனம் மாறி, தன் பாத்திரத்துக்குத் துரோகம் செய்தார்’ என்ற வாதம்தான் இவற்றுள் மிகவும் பிரபலமானது. இதைச் சொல்வோர் மூன்றாம் நாவலின் கடைசிப் பக்கத்தைப் படித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். 1972இல் வந்த அந்த நாவலின் முடிவில் கெட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, அவன் முடிசூட்டு விழாவுக்கு வந்து பின்னர் தன் படகில் தனியே கடலேறிப் போனான் என்பது. மற்றது கொன்ட் தீவு மக்கள் சொல்வது: அரசனே அவனைத் தேடி வந்தான், ஆனால் துறைமுகத்திலும் அவன் இல்லை, ஊரிலும் இல்லை, கால்நடையாக மலைக்காட்டுக்குப் போய்விட்டான், தேட வேண்டாமென்று அரசன் தடுத்துவிட்டான். இதற்கு மேல் என்ன வேண்டும்? அரசனின் ஆட்கள் வரும்போது மலைக்குப் போய்விடும் கெட் 1990இல் பெண்ணியத்துக்காகத் திடீரென்று செய்துவைக்கப்பட்டவன் அல்ல. பதினெட்டு வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டவன். அன்று அதைப் படித்தவர்கள், ‘ஆகா, பதவியைத் துறந்து வனம் புகுந்த ஞானி’ என்று புத்தகத்தை மூடிவைத்தார்கள். பின்னர் வந்த நாவல் செய்ததெல்லாம் அந்த ஞானியின் பின்னாலேயே நடந்து போய் அவன் முகத்தைக் காட்டியதுதான். தூரத்திலிருந்து பார்த்தபோது துறவு. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது வெட்கம், பயம், காய்ச்சல், அழுகை.

கோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே மூன்றாம் நாவலில், செலிடோர்த் தீவின் கரையில் மணலில் கிடக்கும் அவனுடைய கோலை இளம் லெபன்னென் எடுக்கப் போகிறான். கெட் அதை விட்டுவிடச் சொல்கிறான். தன் மந்திரமெல்லாம் தீர்ந்துவிட்டதென்று தன் வாயாலேயே சொல்கிறான். ஆக, கோலை அவனிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. அதை அந்தக் கரையிலிருந்து தூக்கிக்கொண்டு அடுத்த நாவலுக்கு வந்தவர்கள் வாசகர்கள்தான்.

வாசகர்கள் தமக்கு வேண்டிய நாயகனைத்தான் பார்ப்பார்கள் என்பதற்கு எர்த்சீயின் வரலாற்றிலேயே வேறு சாட்சியும் இருக்கிறது. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய ஆப்த நண்பன் வெட்ச் கறுப்பன். வெள்ளையர்களாக வருவோர் கொள்ளையடிக்க வரும் கார்க் இனத்தவர். இதெல்லாம் பக்கத்தில் அச்சடித்துக் கிடக்கிறது. ஆனாலும் 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று தொடராக எடுத்தபோது கெட்டை வெள்ளைக்கார இளைஞனாக்கிவிட்டது. லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். 2006இல் கோரோ மியாசாகி எடுத்த ஜப்பானியப் படத்தில், இளவரசன் தகப்பனைக் கத்தியால் குத்திவிட்டு ஓடுவதாகக் கதை தொடங்குகிறது. நாவல்களில் அப்படியொரு சம்பவமே கிடையாது. அந்தக் கொலைக்குக் காரணம் தெளிவாக இல்லை என்பதும், தீமையையெல்லாம் ஒரு வில்லனின் தலையில் கட்டி அவனைக் கொன்றதோடு பிரச்சினை தீர்கிறது என்பதும் லெ குவினின் விசனம். ஓடுகிறவனைத் திரையில் காட்ட யாருக்கும் தயக்கமில்லை பாருங்கள். கையில் வாள் இருந்தால் சரி.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். நண்பரே அன்று அதையும் சொன்னார். இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில் நிழலைத் திரும்பி நின்று எதிர்கொண்டு, அதைத் தன் பெயராலேயே அழைத்து ஏற்றுக்கொண்டவன், முதுமை நெருங்கும்போது நாலு தூதரைக் கண்டு ஓடலாமா? முதல் நாவலின் பாடம் என்னவாயிற்று?

ஆசிரியனாக இருக்கிற காரணத்தால் எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாகப் படுகிறது. ஒருமுறை படித்த பாடம் ஆயுளுக்கும் போதுமென்றால் எங்கள் தொழிலே தேவையில்லை. ஆனால் என் மறுமொழி அதுவல்ல. முதல் நாவலில் அவனைத் துரத்தியது அவனே செய்த தவறு. ஆகவே அதற்குத் தன் பெயரைச் சூட்ட முடிந்தது. இங்கே துரத்துவது தவறல்ல, அன்பு. தன்னைத் தகப்பனைப்போல் நேசிக்கும் இளம் அரசன், மரியாதையோடு, கப்பல் அனுப்பிக் கூப்பிடுகிறான். அவன் கூப்பிடுவது தலைமை மந்திரவாதியை. அப்படியொருவன் இப்போது இல்லை. இல்லாத ஆளின் ஆசனத்தில் போய் இருக்கச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? இறந்தோர் நாட்டுக்குள் கால்நடையாகப் போய் வந்தவனுக்கு மரணபயம் இருக்க நியாயமில்லை. அவன் பயந்தது மற்றவர்களின் பார்வைக்கு. அச்சத்தால் ஓடுவது வேறு, வெட்கத்தால் ஓடுவது வேறு. இரண்டையும் கோழைத்தனம் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறவர்கள் வெட்கப்பட்ட மனிதனைப் பக்கத்தில் பார்க்காதவர்கள்.

நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில் என் மாணவனொருவனைக் காணவில்லை. ஒன்பது பாடத்திலும் ‘ஏ’ எடுப்பான் என்று நான் உட்பட முழு ஊரும் சொல்லி வைத்த பிள்ளை. அப்படி வரவில்லை. சித்திதான், ஆனால் ஊர் சொன்ன சித்தியல்ல. பின்னேரம் வயல் வாடியில் கண்டுபிடித்தேன். வாப்பா அடிப்பார் என்று பயமா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினான். வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார் சேர், அதுதான் ஏலாம இருக்கு என்றான். நான் அவனுக்குப் புத்திமதி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை, அவனுக்கும் நினைவிருக்காது. இருட்டும் வரை பக்கத்திலிருந்துவிட்டு இருவரும் பின்பக்கப் பாதையால் வீட்டுக்குப் போனோம். ‘டெஹானு’வில் கெட் ஒளியும் பக்கங்களைப் படித்தபோது எனக்கு அந்த வாடிதான் கண்ணுக்குள் வந்தது. அந்தப் பக்கங்களை எறிந்த என் நண்பர் முப்பது வருடம் பாடசாலை நடத்தியவர். அவருக்கு எந்தப் பிள்ளையும் நினைவுக்கு வரவில்லையா என்று நான் கேட்டால் அது அத்துமீறலா?

வெட்கப்படும் கெட்டை நாவல் தடவிக் கொடுக்கவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த நாவலின் மையம் அவனல்ல. இரண்டாம் நாவலில் அட்டுவான் கல்லறைகளிலிருந்து அவனோடு வெளியே வந்த டெனார்தான். இப்போது அவள் நடுத்தர வயது விதவை. பண்ணைக்காரி. சீரழிக்கப்பட்டு நெருப்பில் தள்ளப்பட்டு, ஒரு பக்கம் வெந்துபோன தெர்ரு என்ற சிறுமியை வளர்க்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் கெட் இழந்தது எவ்வளவு? இந்தக் கேள்வியை நாவல் உரக்கக் கேட்பதில்லை. இருவரையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. கெட்டின் ஒளிதலைப் பார்த்து டெனாருக்கே எரிச்சல் வருகிறது. எரிச்சலோடுதான் அவனுக்கு மறைவிடமும் தேடிக் கொடுக்கிறாள். நாயகனை இகழ்கிறார் ஆசிரியை என்று குற்றஞ்சாட்டியவர்கள், அவனை ஒருத்தி எரிச்சலோடு காப்பாற்றுவதைக் காணவில்லை.

மலைக்குப் போனவன் மலையிலேயே இருந்துவிடவுமில்லை. குளிர்காலத்தில் ஆடுகளோடு இறங்கி வருகிறான். டெனாரும் பிள்ளையும் தனித்திருக்கும் வீட்டை இராத்திரியில் சில கயவர் முற்றுகையிடுகிறார்கள். அவர்களின் பேச்சை வழியில் கேட்டுப் பின்தொடர்ந்து வந்த கெட், வைக்கோல் குத்தும் முள்ளுக்கோலால் ஒருவனைக் குத்தி வீழ்த்துகிறான். டிராகனைப் பெயர் சொல்லிக் கட்டியவனின் கையில் இப்போது பண்ணை ஆயுதம். அவனுக்குப் பெருமையில்லை, ஒரு மனிதனைக் குத்திய அருவருப்பு மட்டும் மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால் நாலு நாவல்களிலும் கெட் செய்த ஆகத் துணிச்சலான காரியம் இதுதான் என்பேன். பென்டோரில் தோற்றாலும் பாட்டில் நிற்கும் பெயர். இங்கே தோற்றால் சாணிக் குழிக்குப் பக்கத்தில் பெயரில்லாத கிழவனின் பிணம். அந்தக் குளிர்காலத்தில்தான் அவன் டெனாரின் துணைவனாகிறான். அவன் கையால் அடுப்படி வேலை நடப்பதைச் சில வாசகர்கள் அவமானம் என்றார்கள். ரோக் பள்ளியில் அவர்களும் ஜஸ்பரின் மேசையில்தான் இருந்திருப்பார்கள்.

நாவலில் குறையே இல்லையென்று வாதாட நான் வரவில்லை. டெனாரை வதைக்கும் மந்திரவாதி அஸ்பென் ஒற்றைப் பரிமாணப் பாத்திரம். பெண்ணை வெறுப்பதைத் தவிர அவனுக்கு உள்ளம் என்று ஒன்றில்லை. கடைசியில் தெர்ரு கூப்பிட, கலெஸ்ஸின் வந்து அவனைப் பொசுக்கிவிட்டுப் போவது, அவ்வளவு பொறுமையாக நடந்து வந்த கதையை அவசரமாக வண்டியில் ஏற்றியது போலிருக்கிறது. இவ்விடங்களில் குறை சொன்னவர்களோடு நான் முரண்படவில்லை. 1992இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையொன்றில் லெ குவின், முதல் மூன்று நாவல்களும் ஆண் நாயக மரபுக்குள் நின்று எழுதப்பட்டவை என்றும், நாலாவதில் அவ்வுலகைப் பெண்ணின் கண்ணால் மீளப் பார்த்ததாகவும் விளக்கினார். உண்மைதான். ஆயினும் அந்த விளக்கம் எதிராளிகளின் கையில் தடியைக் கொடுத்தது என்பது என் அபிப்பிராயம். ‘பார்த்தீர்களா, அவரே மாற்றினேன் என்கிறார்’ என்று அவர்கள் சொல்ல வழியாயிற்று. லெ குவின் 2018இல் காலமாகிவிட்டார். இனி அவருக்காக அவருடைய பக்கங்கள்தான் பேச வேண்டும்.

நண்பர் இதைப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். இந்தச் சஞ்சிகையின் சந்தாவை என்னிடம் கொடுத்து அனுப்புகிறவரே அவர்தான். அவருடைய வீட்டு அலுமாரியில் மூன்றாம் நாவலின் பழைய பிரதி ஒன்று இருப்பதையும் நான் அறிவேன், அதை முதன்முதலில் இரவல் வாங்கிப் படித்தவன் என்ற முறையில். அதை எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வரட்டும். கொன்ட் தீவு மக்கள் சொல்லும் அந்த இரண்டாவது கதையை. அடுத்த சந்திப்பில் நாலாவதைப் பற்றிக் கதைப்போம்.